ஆர்கெஸ்ட்ராவைத் தூக்கு, ஏபியைப் போடு!

அமெரிக்கத் தமிழ் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் பாடத் தேர்வு யுத்தம்

ஒரு பெண் ஆறு ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடங்கள்) எடுக்கிறாள், ஆறிலும் 'ஏ'. ஒவ்வொன்றுக்கும் 5 பாயிண்ட், ஆக சராசரி 5.0. இப்போது அதே பெண் ஏழாவது வகுப்பாகப் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதிலும் 'ஏ'தான். ஆனால் ஆர்கெஸ்ட்ரா சாதாரண வகுப்பு. அதற்கு 4 பாயிண்ட்டுக்கு மேல் கிடையாது. 34-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 4.86! நன்றாக வாசித்து 'ஏ' வாங்கியதற்குச் சராசரி இறங்கிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் நூலகத்தில் மேஜைமேல் தலை வைத்துத் தூங்கியிருந்தால் 5.0 அப்படியே நின்றிருக்கும்.

டாலஸுக்கு வடக்கே பிளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கமும், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி, ஷுகர்லேண்ட் பக்கமும் குடியிருக்கும் தமிழ் வீடுகளில் இந்தக் கணக்கு தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பது கஷ்டம். வயலின் பெட்டி அலமாரிக்கு மேலே போகும் வருடமும் பெரும்பாலும் அதுதான்.

ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் வரை அங்கே பாடத் தேர்வுக் காலம். அடுத்த வருடம் எந்தெந்த வகுப்பு என்று படிவத்தில் குறித்து, பெற்றோர் கையெழுத்தோடு கவுன்சலரிடம் கொடுக்க வேண்டும். தமிழ்ச் சங்கங்களின் பொங்கல் விழாக்களும் அதே வாரங்களில்தான் வரும். மேடையில் பிள்ளைகள் பறையடித்துக்கொண்டிருக்க, அரங்கின் பின்வரிசையில் அப்பாக்கள் பேசிக்கொள்வது ஏறக்குறைய ஒன்றையேதான்.

"உங்க பொண்ணு அடுத்த வருஷம் எத்தனை ஏபி எடுக்கறா?"

"அஞ்சு. பத்தாதுங்கறாங்க."

"எங்க பையனுக்கு ஆறு. ஹெல்த்தையும் பிஈ-யையும் சம்மர்ல ஆன்லைன்ல முடிச்சுட்டான்."

இங்கே தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப்பா, பயாலஜியா, காமர்ஸா என்பதை ஒரு நாள் சண்டையில் முடித்துவிடுகிறோம். அங்கே ஒவ்வொரு பிப்ரவரியும் அந்தச் சண்டை திரும்ப வரும். எட்டாம் வகுப்பில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினொன்றில் ஒன்று.

பாயிண்ட் எங்கிருந்து வந்தது?

ஏபி தொடங்கியபோது பாயிண்ட் பேச்சே கிடையாது. 1950-களில் ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில், சில பெரிய தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆசிரியர்களும் கூடி யோசித்த ஏற்பாடு அது. பள்ளியில் படித்ததையே கல்லூரி முதலாண்டில் மறுபடி படித்துப் பையன்கள் சலித்துப்போகிறார்கள். கெட்டிக்காரர்களுக்குக் கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தால் என்ன என்பதுதான் அவர்களுடைய யோசனை. 1956-இல் முதல் தேர்வு நடந்தபோது எழுதியவர்கள் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேர். இன்று ஏறக்குறைய 40 பாடங்கள், ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள், ஒரு தேர்வுக்குச் சுமார் 100 டாலர் கட்டணம்.

கூடுதல் பாயிண்ட் என்பது பள்ளிகள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. கடினமான பாடத்தை எடுத்து 'பி' வாங்குகிறவன், எளிய பாடத்தில் 'ஏ' வாங்கியவனிடம் தோற்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். அதனால் ஏபியில் 'பி' வாங்கினாலும் 4, சாதாரண வகுப்பில் 'ஏ' வாங்கினாலும் 4. சில பள்ளி மாவட்டங்களில் அளவுகோலே 6 வரை போகும். நல்லெண்ணம் சரிதான். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது கற்றுக்கொடுக்கிற முதல் பாடம், எந்த வகுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்காதே, எத்தனை பாயிண்ட் என்று பார் என்பதுதான்.

டெக்சாஸில் இந்தக் காய்ச்சல் உச்சத்தில் இருப்பதற்குச் சட்டமே ஒரு காரணம். மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, 1997-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு மாற்று வழி கண்டுபிடித்தது. எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் தன் வகுப்பு ரேங்க்கில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் நிச்சயம். எல்லைப்புறத்து ஏழைப் பள்ளிக்கும் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறந்துவிட்ட சட்டம் அது. கூட்டம் தாங்காமல் 2009-இல் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். 10 என்பது பிற்பாடு 6-க்கு வந்தது. 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 5.

ஒரு வகுப்பில் 700 பேர் படிக்கிற பள்ளி என்றால் 35 பேர். புறநகர்ப் பள்ளிகளில் முதல் நூறு பேருக்கு இடையே உள்ள வித்தியாசம் தசமப்புள்ளிக்குப் பின்னால்தான் இருக்கும். அங்கேதான் ஆர்கெஸ்ட்ராவின் 4 பாயிண்ட் பூதாகரமாகத் தெரிகிறது. இந்த ஓட்டையை அடைக்க, ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல் போன்ற பாடங்களை மட்டும் ரேங்க்குக்கு எடுத்துக்கொள்ளும் மாவட்டங்களும் உண்டு. உங்கள் பிள்ளையின் மாவட்டம் எந்த வகை என்பது அதன் கையேட்டில் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் கேட்பதைவிட அதைப் படிப்பது நல்லது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அந்த 5 சதவீதத்துக்குள் வந்தால் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயமே தவிர, கம்ப்யூட்டர் சயன்ஸ், இன்ஜினீயரிங், பிசினஸ் என்று கேட்ட துறை நிச்சயமில்லை. அதற்குத் தனிப் பரிசீலனை. நான்கு வருடம் பாயிண்ட் பொறுக்கி உள்ளே போன பிள்ளை, விரும்பிய துறை கிடைக்காமல் வேறொன்றில் உட்காருவதும் நடக்கிறது.

எட்டு செமஸ்டர் ரகசியம்

கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே மாநிலப் பல்கலைக்கழகக் குடும்பமான யூசி-யின் ஒன்பது இளங்கலை வளாகங்கள்தான் சான்ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா பெற்றோரின் கனவு. யூசி தானாக ஒரு ஜிபிஏ (பாயிண்ட் சராசரி) கணக்கிடும். பத்து, பதினொன்று ஆகிய இரண்டு வகுப்புகளின் மதிப்பெண்தான் அதில் சேரும். ஏபி, ஆனர்ஸ் வகுப்புக்கான கூடுதல் பாயிண்ட்டுக்கும் உச்சவரம்பு உண்டு: மொத்தம் எட்டு செமஸ்டர், அதில் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் கூடாது. ஒரு வருட ஏபி என்றால் இரண்டு செமஸ்டர். ஆக, நான்கு ஏபி எடுத்துவிட்டால் அந்தக் கணக்கில் ஐந்தாவது ஏபிக்குக் கூடுதலாக ஒரு பாயிண்ட்டும் இல்லை.

இது ரகசியமே அல்ல. பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. ஆனாலும் ஒன்பதாம் வகுப்பிலேயே ஏபி ஹியூமன் ஜியாக்ரஃபி எடுத்தால் யூசி-க்கு உதவும் என்று நம்பிக்கொண்டு, புவியியலில் துளியும் ஆர்வமில்லாத பையனை இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார வைக்கும் வீடுகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அந்த ஜிபிஏ-யில் ஏறுவதே இல்லை. விண்ணப்பத்தை வாசிக்கிறவர்கள் முழுப் பாடப் பட்டியலையும் பார்க்கிறார்கள், எத்தனை கடினமான வகுப்புகள் என்பதும் அவர்கள் கண்ணில் படும் என்பது உண்மைதான். அதிலும் 2020-இல் எஸ்ஏடி, ஏசிடி தேர்வுகளைக் கைவிடுவதென்று முடிவெடுத்த பிறகு, பாடத் தேர்வின் எடை கூடியிருக்கிறது. ஆனால் 'கண்ணில் படுவது' வேறு, ஒவ்வொரு ஏபிக்கும் ஒரு பாயிண்ட் என்று நாம் போடும் கணக்கு வேறு.

ஜீரோ பீரியட் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் போதுமான அளவு தூங்க வேண்டுமென்று, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது எனக் கலிஃபோர்னியா 2019-இல் சட்டம் போட்டது. 2022 ஜூலையில் அமலுக்கு வந்தது. அமெரிக்காவிலேயே முதன்முதலில் இப்படிச் சட்டம் போட்ட மாநிலம். அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு: முதல் பீரியடுக்கு முந்தைய ஜீரோ பீரியடுக்கு இது பொருந்தாது. கூடுதலாக ஒரு ஏபியைத் திணிக்க இடம் தேடுகிற குடும்பங்கள் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தூங்கட்டும் என்று சட்டமன்றம் விட்ட நேரத்தில் பிள்ளை ஏபி வகுப்பில் கொட்டாவி விடுகிறது.

கவுன்சலரின் ஒரு கட்டம்

தனியார் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளிக் கவுன்சலர் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி வரும். உங்கள் பள்ளியில் கிடைக்கும் பாடங்களோடு ஒப்பிட்டால், இந்த மாணவர் தேர்ந்தெடுத்தவை எவ்வளவு கடினமானவை? 'மிக மிகக் கடினம்' என்ற உச்சிக் கட்டத்தில் டிக் விழுமா என்பதுதான் பெற்றோரின் பயம். அந்தக் கட்டத்துக்குத் தேசிய அளவுகோல் எதுவும் கிடையாது. ஐந்தே ஏபி நடத்தும் பள்ளியில் நான்கு எடுத்தவருக்கும், இருபத்தைந்து நடத்தும் பள்ளியில் பத்து எடுத்தவருக்கும் ஒரே டிக் விழலாம். கேட்க வேண்டிய ஆள் கவுன்சலர்; அவரோ நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறவர். அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர்கள் சங்கம் பரிந்துரைப்பது ஒருவருக்கு 250 மாணவர்கள். பல பள்ளிகளில் அதைவிட அதிகம். கவுன்சலரைப் பிடிக்க முடியாத இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் தனியார் ஆலோசகர்கள் நுழைகிறார்கள்.

அப்படியானால் எத்தனை ஏபி போதும்? இந்தக் கேள்விக்குத் தன் மாணவர்களை வைத்தே பதில் தேடிய பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம், தன்னிடம் சேர்ந்தவர்களின் முதலாண்டு மதிப்பெண்களைப் பார்த்தது. உயர்நிலைப் பள்ளியில் ஐந்து வரை கல்லூரித் தரப் பாடங்கள் எடுத்தவர்களிடம் பலன் தெரிந்தது. அதற்கு மேலும் அடுக்கியவர்கள் அதைவிடச் சிறப்பாகச் செய்துவிடவில்லை. என்னைக் கேட்டால் இந்த ஒரு தகவலைப் பாடத் தேர்வுப் படிவத்தின் தலையிலேயே அச்சடிக்கலாம்.

கிரெடிட் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ஏபி தேர்வில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கினால் கல்லூரியில் அந்தப் பாடத்தைத் தாண்டிவிடலாம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. டார்ட்மத் கல்லூரி 2014-இல் சேர்ந்தவர்களிலிருந்து ஏபி கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. எந்த நிலையிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்ய மட்டும் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. கால்டெக் ஏபிக்குக் கிரெடிட் தருவதில்லை. டாக்டர் கனவில் ஏபி பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் எடுத்து இரண்டையும் தாண்டிவிடலாம் என்று நினைப்பவர்கள், பல மருத்துவக் கல்லூரிகள் அந்தப் பாடங்களை லேபோடு கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் ஏபி தேர்வுகளோ மே மாதம் நடந்து, முடிவு ஜூலையில் வரும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கையே முடிந்திருக்கும். அந்த வருடத்தில் சேர்க்கைக்குப் பயன்படுவது எடுத்த பாடத்தின் பெயரும் வகுப்பு மதிப்பெண்ணும்தான்.

வாஷிங்டன் வட்டாரத்தில் எட்டுப் பெரிய தனியார் பள்ளிகள், ஏபியையே படிப்படியாக நிறுத்திவிட்டுத் தங்கள் சொந்தப் பாடங்களை நடத்தப்போவதாக 2018-இல் சேர்ந்து அறிவித்தன. பணக்காரப் பள்ளிக்கு அந்தத் துணிச்சல் எளிது. ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கு ஏபிதான் கையிலிருக்கும் ஒரே சான்று.

ஆறாம் வகுப்பில் போடும் முடிச்சு

கணக்குப் பாடத்துக்கு வருவோம். நம்மவர்களின் பலமும் பலவீனமும் அங்கேதான்.

அமெரிக்கப் பள்ளிக் கணக்கு ஒரு ஏணி. அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், பிறகு கால்குலஸ். ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 தொடங்கினால் பன்னிரண்டாம் வகுப்பு ப்ரீகால்குலஸோடு முடியும். எட்டில் தொடங்கினால் பன்னிரண்டில் கால்குலஸ். ஏழில் தொடங்கினால் பதினொன்றில். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், முடிவு ஆறாம் வகுப்பு பிளேஸ்மென்ட் டெஸ்ட்டில் வந்து நிற்கிறது. பதினொரு வயதில் எழுதும் அந்தத் தேர்வு இன்ஜினீயரிங் சேர்க்கையைத் தீர்மானிக்கும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். நம்பிக்கை முழுக்கத் தப்புமில்லை. பள்ளி கால்குலஸ் நடத்துகிறது என்றால் இன்ஜினீயரிங்குக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்கத்தான் செய்வார்கள்.

அதற்காக மூன்றாம் வகுப்பிலிருந்தே வார இறுதிக் கணக்கு ட்யூஷன். பிறகு கோடை விடுமுறையில் ஜியாமெட்ரியை ஆறு வாரத்தில் முடித்துவிடும் அவசரம். ஒரு வருடம் நிதானமாக நிரூபணம் எழுதிப் பழக வேண்டிய பாடத்தை ஜூன் நடுவில் ஆரம்பித்து ஜூலை கடைசியில் முடித்தால், தேற்றங்களின் பெயர்தான் மிஞ்சும். பத்தாம் வகுப்பில் ஏபி கால்குலஸ் பிசி. அதன் பிறகு பள்ளியில் கணக்கே இருக்காது என்பதால், பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் மல்ட்டிவேரியபிள் கால்குலஸ். இதில் உண்மையாகவே கணக்குப் பித்துப் பிடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் தடுக்கக் கூடாது. மற்றவர்கள், அல்ஜீப்ராவில் பின்னங்களைச் சுருக்கத் தடுமாறிக்கொண்டே டெரிவேட்டிவ் போடுகிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குள் எப்படியாவது கால்குலஸைத் தொடவைப்பது பள்ளிக் கணக்கின் குறிக்கோளாக இருக்கக் கூடாது என்று அமெரிக்காவின் கணிதப் பேராசிரியர்கள் சங்கமும் கணக்கு ஆசிரியர்கள் அமைப்பும் 2012-லேயே சேர்ந்து அறிக்கை விட்டன. பெற்றோர் காதில் அது விழவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோ பெற்றோரின் இந்த அவசரத்துக்கு நேர் எதிர்த் திசையில் போய்ப் பார்த்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சமவாய்ப்பு என்று சொல்லி, 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையே எடுத்துவிட்டார்கள். விளைவு? வசதியுள்ளவர்கள் வெளியே பணம் கட்டி அல்ஜீப்ரா முடித்தார்கள், வசதியில்லாதவர்கள் காத்திருந்தார்கள். பத்து வருடச் சண்டைக்குப் பிறகு, 2024 மார்ச்சில் நகரத்து வாக்காளர்கள் அல்ஜீப்ராவை எட்டாம் வகுப்புக்கே திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் பெருவாரியாக வாக்களித்தார்கள்.

கால்டெக்கே 2023-இல் சற்று இறங்கி வந்தது. பள்ளியில் கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கிடைக்காதவர்கள் அவற்றை ஆன்லைனில் படித்துத் தேர்ச்சி காட்டினாலும் விண்ணப்பிக்கலாம் என்றது. அமெரிக்காவில் கால்குலஸே நடத்தாத உயர்நிலைப் பள்ளிகள் ஏராளம் என்பது, கூப்பர்டினோவிலும் ஃப்ரீமாண்ட்டிலும் வீடு வாங்கியவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும்.

இதற்கெல்லாம் பதிலாக, ஏபியை ஆதரிப்பவர்கள் பணக் கணக்கைச் சொல்வார்கள். டெக்சாஸில் அரசுக் கல்லூரிகள் பொதுவாக ஏபி தேர்வில் 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தர வேண்டுமென்று சட்டமிருக்கிறது; ஏழெட்டு பாடம் அப்படித் தேறினால் ஒரு செமஸ்டர் கட்டணம் மிச்சமாகும். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

காணாமல் போகும் வகுப்புகள்

எனக்கு உறுத்துவது வேறு. ஏழு பீரியடில் ஆறு ஏபி ஏறினால், எது இறங்குகிறது?

மண்பாண்டம், மரவேலை, நாடகம், பள்ளிப் பத்திரிகை, கோரஸ். கார் இன்ஜினைப் பிரித்து மாட்டச் சொல்லித்தரும் ஆட்டோ ஷாப். மெக்கானிக்கல் இன்ஜினீயராகப் போகிறவனுக்கு இதைவிட நல்ல வகுப்பு எது? அதற்கு 4 பாயிண்ட்தான் என்பதால் நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஏபி சுற்றுச்சூழல் அறிவியலை 'எளிய ஏபி' என்று கேள்விப்பட்டு எடுக்கிறார்கள். அந்தப் பாடம் பாவம், அதில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களும் இந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறார்கள்.

இறங்குவதில் இன்னொன்று, தமிழ்.

ஏபியில் மொழிப் பாடங்கள் எவை? ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், லத்தீன், சீனம், ஜப்பானியம். அவ்வளவுதான். இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. வீட்டில் சீனம் பேசி வளரும் பிள்ளை ஏபி சைனீஸ் எடுத்து 5 பாயிண்ட் வாங்கிக்கொள்கிறது. வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளை ஸ்பானிஷ் 1, 2, 3 என்று ஏறி ஏபி ஸ்பானிஷுக்குப் போகிறது. ஸ்பானிஷ் அருமையான மொழி. அமெரிக்காவில் வாழ்நாள் முழுக்கப் பயன்படும். ஆனால் அதை எடுக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஸ்பானிஷ் மீதுள்ள ஆசையில் எடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் வளர்ந்த விதம் பெருமைப்பட வேண்டிய விஷயம். கலிஃபோர்னியாவில் 1998-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு தொடங்கிய ஒரு தமிழ்ப் பள்ளியில் இன்று ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள். சொந்தப் பாடப் புத்தகம், நிலைத் தேர்வு, அமெரிக்க அங்கீகாரம் எல்லாம் வந்துவிட்டன. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு ஓடிவந்து நடத்தும் வகுப்புகள் இவை. அவர்களிடம் பேசிப் பாருங்கள். கீழ்நிலை வகுப்புகளில் உட்கார இடமிருக்காது. எட்டாம் வகுப்பு தாண்டியதும் வருகைப் பதிவேடு மெலியும். கேட்டால், "அடுத்த வருஷம் ஏ-புஷ் எடுக்கறா, டைம் இருக்காது." அமெரிக்க வரலாற்று ஏபிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. உயிர்மெய் எழுத்தில் தொடங்கி எட்டு வருடம் ஏறி, குறளைத் தானே வாசித்துப் பொருள் சொல்லக்கூடிய இடத்துக்கு வந்து நிற்கும்போது பிள்ளையை இறக்கிக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

பிறகு உயர்நிலைப் பள்ளியின் நான்காவது வருடம், கல்லூரி விண்ணப்பத்தில் 650 சொல் கட்டுரை வருகிறது. நீ யார், எது உன்னை உருவாக்கியது என்று கேட்கிறார்கள். அப்போது பாட்டி வருகிறாள், கோலம் வருகிறது, தமிழ் வருகிறது! தமிழ் எழுதுவதை ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திய பிள்ளை, தமிழ் தனக்கு என்னவென்று உருக்கமாக ஆங்கிலத்தில் எழுதுகிறது. அதைத் திருத்திக்கொடுக்க ஓர் ஆலோசகருக்குப் பணமும் கட்டுகிறோம்.

ஏபியில் ஒரு மொழி இருப்பதும் இல்லாததும் தலைவிதி இல்லை. இத்தாலியனையே பாருங்கள். ஏபி இத்தாலியன் வந்த சில வருடங்களிலேயே, எழுதுகிறவர்கள் குறைவு, செலவு அதிகம் என்று 2009-இல் நிறுத்தப்பட்டது. இத்தாலிய அரசும் இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர்களும் பணம் திரட்டினார்கள். 2011-இல் வகுப்புகள் திரும்ப வந்தன. நாமும் பணம் திரட்டத் தெரியாதவர்கள் அல்ல. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் இலக்கு வைத்து உலகெங்குமுள்ள தமிழர்கள் கொடுத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. ஆய்வு இருக்கை அவசியம்தான். ஆனால் அந்த இருக்கைக்கு முன்னால் வந்து உட்காரத் தமிழ் தெரிந்த பதினெட்டு வயதுப் பிள்ளை வேண்டாமா? பேரவைகளும் சங்கங்களும் ஆண்டு விழாவுக்கு நடிகரை அழைத்துவரச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை ஏபியில் தமிழைக் கொண்டுவருவதற்குக் கொடுக்கலாம். அதற்குப் பல வருடம் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். கலிஃபோர்னியா உட்படப் பல இடங்களில், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்ததை உலக மொழிப் பாடமாக ஏற்று உயர்நிலைப் பள்ளி கிரெடிட் தரும் மாவட்டங்கள் இருக்கின்றன. இரு மொழித் திறனுக்கான முத்திரையைப் பட்டயத்தில் பதித்துக்கொடுக்கும் திட்டத்தை 2011-இல் கலிஃபோர்னியா சட்டமாக்கியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. தமிழுக்காக அந்த முத்திரை வாங்கிய பிள்ளைகளும் உண்டு. முக்கியமான சங்கதி இனிமேல்தான்: தமிழை வெளியே படித்து மொழித் தேவையை முடித்துவிட்டால், பள்ளி நேரத்தில் ஒரு பீரியட் காலியாகிறது. அதில் ஆர்கெஸ்ட்ராவைத் திரும்பப் போடலாம். உங்களுக்கு ஏபிதான் வேண்டுமென்றால் அதையும் போடலாம்.

ஆனால் இடத்துக்கு இடம் விதி மாறும். சில மாவட்டங்கள் தமிழை மதிப்பெண்ணோடு ஏற்றும். அப்போது அது 4 பாயிண்ட் வகுப்பாக ஜிபிஏ-யில் சேரும். சில இடங்களில் வெறும் கிரெடிட்டாக மட்டும் ஏறும். ஜிபிஏ-க்கு ஒன்றும் ஆகாது. சில மாவட்டங்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. பிள்ளை படித்து முடித்த பிறகு போய்க் கேட்டால் பல இடங்களில் கையை விரித்துவிடுவார்கள்; முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

உங்கள் மகளோ, தம்பி மகனோ, அங்கே இருக்கும் பேரனோ இந்த வருடம் எட்டாம் வகுப்பில் இருந்தால் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவையுங்கள். பிப்ரவரிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், கவுன்சலர் அலுவலகத்தில் வெளி மொழிப் பாடத்துக்கான கிரெடிட் விண்ணப்பம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அதைக் கொடுத்துவிட வேண்டும்.